‘அப்டேட்டில் சரிசெய்துகொள்ளலாம்’ என்ற பொய்

முதலில் சந்தைக்கு அனுப்புவோம், பிழை இருந்தால் அப்டேட்டில் சரிசெய்துகொள்ளலாம். இணையத்தோடு இணையும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் பல குழுக்களுக்கு இதுதான் வேதவாக்கு. இணையதளம் கட்டுகிறவர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. அவர்களுக்குச் சரி, சர்வர் அவர்கள் கையில் இருக்கிறது, தவறிய மாற்றத்தைச் சில நிமிடங்களில் திரும்பப் பெறலாம். யாரோ ஒருவர் வீட்டுக் கதவில் பொருத்திய பூட்டுக்கும் அதே துணிச்சலைக் காட்டுவது பொறுப்பற்ற செயல்.

2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம், இணையத்தோடு இணையும் தன் பூட்டுகளில் ஒரு மாடலுக்கான ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளை, வேறொரு மாடலுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் முடங்கின. அந்த அப்டேட் பூட்டின் இணையத் தொடர்பையே அறுத்துவிட்டதால், திருத்தம் போய்ச்சேர வழியில்லை. வாடிக்கையாளர்கள் பூட்டின் பின்பகுதியைக் கழற்றி அனுப்பவோ, மாற்றுப் பூட்டுக்குக் காத்திருக்கவோ வேண்டியதாயிற்று. பிழையைத் திருத்த நம்பியிருந்த வாசலைப் பிழையே அடைத்துவிட்டது.

மிராய் என்ற தீம்பொருளின் கதை இன்னும் கொடுமை. தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது வளைத்துப் பிடித்தது. 2016 அக்டோபர் 21 அன்று அவை, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டைன் (Dyn) நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. கேமராவை வாங்கியவருக்குத் தன் கருவி தாக்குதலில் இருப்பதே தெரியாது. அவர் எங்கே அப்டேட் தேடப் போகிறார்?

அப்டேட்டே கூடாது என்று சொல்லவில்லை. கடைசியில் ஒட்டவைக்கும் வசதியாக அதை நினைக்காதீர்கள் என்கிறேன். ஃபிளாஷ் நினைவகத்தில் இரண்டு இடம் ஒதுக்க வேண்டும். புதிய ஃபர்ம்வேர் இரண்டாவது இடத்தில் இறங்கட்டும். அது எழுந்து சர்வரைத் தொட்டால் மட்டுமே நிலைக்கட்டும். இல்லையென்றால் கருவியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் பழையதற்கே திரும்பட்டும். டிஜிட்டல் கையொப்பமும் மாடல் எண்ணும் பொருந்தாத எதையும் கருவி ஏற்கக் கூடாது. கருவியை விற்ற பிறகு இவற்றைச் சேர்ப்பது எளிதல்ல. செலவைக் குறைக்க இவற்றை வெட்டுகிறவர்கள் அந்தச் செலவை வாங்குபவர் தலையில் கட்டுகிறார்கள்.

திருத்தம் தயாராக இருந்தாலும் அதை ஏற்றுவது எப்போதும் எளிதல்ல. 2017-இல் அபாட் நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 கருவிகள். நோயாளி மருத்துவரிடம் நேரில் போய்த்தான் அதை ஏற்றிக்கொள்ள முடியும். ஏற்றும் சுமார் மூன்று நிமிடமும் கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற மாற்றுநிலையில் ஓடும்.

அப்டேட் எத்தனை காலம் வரும் என்பதும் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு கேமராப் பெட்டியிலும் அந்தத் தேதி அச்சாகட்டும்.