குழாயைத் திறக்கக் கற்றுக்கொடுப்பதும் ஊழியமே



ஊரிலிருந்து பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்திறங்கும் குடும்பத்தை விமான நிலையத்தில் வரவேற்கிறோம், அவர்களுக்காக ஜெபிக்கிறோம், முதல் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவும் பரிமாறுகிறோம். ஆனால் அவர்கள் குடியேறும் வீட்டுக்குள் கூடவே சென்று, எது எப்படி இயங்குகிறது என்று காட்ட நம்மில் எத்தனை பேர் நேரம் ஒதுக்குகிறோம்? அதுவும் சபையின் ஊழியமே என்பது என் திடமான எண்ணம்.

இது அற்பக் காரியமாகத் தோன்றலாம். இந்நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் வெந்நீருக்கு ஒரு குழாயும் குளிர்ந்த நீருக்கு வேறொரு குழாயும் தனித்தனியே இருக்கும். கூரையடியில் இருந்த தொட்டியின் நீரே காய்ச்சப்பட்டு வெந்நீராக வந்ததால், அது குடிநீரோடு கலவாதிருக்க அவ்வாறு பிரித்துவைத்தார்கள். கிருமிகள் பெருகாதபடி வெந்நீர்க் கலனில் நீரை 60 பாகை செல்சியஸில் வைப்பது வழக்கம். அந்த வெப்பம் ஒரு முதியவரின் கையைச் சில விநாடிகளில் புண்ணாக்கிவிடும்.

குளியலறைத் தரையில் பெரும்பாலும் நீர் வடியத் துவாரம் இராது. வாளியும் குவளையுமாகத் தொட்டிக்கு வெளியே நின்று குளித்தால் கீழ்த்தளத்துக் கூரையில் நீர் கசியும். விளக்கின் சுவிட்ச் கயிறாகத் தொங்கும். ஈரக்கை மின்சாரத்தைத் தொடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ரேடியேட்டரின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். அறியாமல் பனி அடையாளத்தில் விட்டுவிட்டால் அறை சூடாகாது. தாளிக்கும் புகைக்கே அலறுகிறது என்று புகை எச்சரிக்கைக் கருவியைக் கழற்றிவைப்போரும் உண்டு. அன்றிரவு தீப்பற்றினால் உறங்குகிறவர்களை எழுப்புவது யார்?

இவற்றை அறியாதிருப்பது குற்றமன்று. கேட்க வெட்கப்படுவதே ஆபத்து. மகன் வீட்டுக்கு வந்த தாயார், பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருப்பார். மாலையில் விசாரித்தால் "ஒன்றுமில்லை" என்பார். அவருடைய வாயை அடைப்பது பலவேளைகளில் நம்முடைய சிரிப்பே. புதிதாய் வந்தவரின் தடுமாற்றத்தை விருந்தில் வேடிக்கைக் கதையாகச் சொல்லும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் இராயனுடைய கட்டளையால் ரோமாபுரியை விட்டுக் கொரிந்துவுக்கு வந்தவர்கள். அந்நிய ஊரின் அலைச்சலை அறிந்த அவர்கள், பவுலைத் தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். பின்பு எபேசுவில் அப்பொல்லோவின் அறிவில் குறைவிருக்கக் கண்டபோது, ஜெப ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அவரைத் திருத்தவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு விளக்கிக் காட்டினார்கள். அவர்கள் கற்பித்தது தேவனுடைய மார்க்கம். நாம் காட்டப்போவதோ ஒரு குழாய். ஆயினும் ஒருவரை நாணச்செய்யாமல் கற்பிக்கும் அன்பு இரண்டுக்கும் ஒன்றே.

"வீட்டு உரிமையாளர் கையேடு தருகிறாரே, காணொளிகளும் உண்டே" என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலக் கையேடு எல்லா முதியவருக்கும் உதவாது. காணொளியைத் தேடுவதற்கும் எதைத் தேடுவதென்று தெரிந்திருக்க வேண்டும். தமிழில், பொறுமையாக, பக்கத்தில் நின்று சொல்லும் ஒருவரே அவர்களுக்குத் தேவை.

ஆகவே, புதிய குடும்பம் வந்த முதல் வாரத்திலேயே சபையிலிருந்து இருவர் ஒரு மணி நேரம் செல்லட்டும். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாமே காட்டுவோம்; அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்வோம்; வெந்நீர்க் குழாயில் சிவப்பு நாடா ஒன்று கட்டிவருவோம். புதிதாய் வந்திருக்கும் அன்பர்களே, நீங்களும் தயங்காமல் கேளுங்கள். இங்கே நெடுநாள் வாழ்கிற ஒவ்வொருவரும் ஒருநாள் இதே கயிற்றைத் தேடி இருட்டில் சுவரைத் தடவியவர்களே.

அந்நியரின் மனதை அறிந்து நடக்கும் இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.