இரண்டு நவம்பர் ஒன்றுகளுக்கு நடுவே

நவம்பர் 1 வந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் ரிமோட்டுக்கு ஓய்வே கிடையாது. மலையாளச் சேனலைப் போட்டால் கேரளப் பிறவி நாள்: கசவுப் புடவை, ஐக்கிய கேரளம், பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். தமிழ்ச் சேனலுக்கு மாற்றினால் நாகர்கோவிலில் இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணிக்கு மாலை, குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த கதை. இரண்டும் உண்மை. இரண்டிலும் கேரள எல்லையோரத்து எங்கள் பாறசாலை வராது, நெய்யாற்றின்கரை வராது.

தமிழகத்தோடு சேர்க்கும்படி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்பது தாலுகாக்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கான போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை. அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சியிலேயே இருந்த ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டார். கட்சியே அதில் ஆடிப்போனது. பிறகு, மாநிலங்களைப் பிரித்தமைக்கப் போட்ட பசல் அலி ஆணையத்தின் அறிக்கை வந்தது. 1956 நவம்பர் 1 அன்று தெற்கே நான்கு தாலுகாக்கள் குமரி மாவட்டமாயின, செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு போனது. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே, கேரளத்திலேயே நின்றது. தமிழகத்துக் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கேரளத்து இஞ்சிவிளை. சம்பந்திகள் வேறு மாநிலத்துக்காரர்கள் ஆகிப்போன தூரம் அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் படமாக்கினால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். நான் சரித்திரத் தொடர்களையும் ஆவணப்படங்களையும் விடாமல் பார்க்கிறவன். தூர்தர்ஷனில் சியாம் பெனகல் எடுத்த ‘பாரத் ஏக் கோஜ்’ 53 பகுதிகளாக ஓடியது. பாடப்புத்தகத்தில் செத்துக் கிடந்த பெயர்களுக்கு முகமும் குரலும் உண்டு என்று எங்கள் தலைமுறைக்குக் காட்டியது அந்தத் தொடர்தான். ஆனால் என்னை அதிகம் உலுக்கியது 1973-ல் பிரிட்டனில் வந்த ‘தி வேர்ல்டு அட் வார்’. இரண்டாம் உலகப்போர் பற்றி 26 பகுதிகள். போர் முடிந்து 30 ஆண்டுகூட ஆகவில்லை. ஹிட்லரின் அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஸ்பியரும், ஹிட்லரிடம் செயலாளராக இருந்த டிராடல் யுங்கேயும் அதில் பேசுகிறார்கள். சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டார்கள், அதனால்தான் அந்தப் படம் இன்றும் நிற்கிறது. கென் பர்ன்ஸ் 1990-ல் அமெரிக்க உள்நாட்டுப்போரை எடுத்தபோது கேட்க ஆளே இல்லை. பழைய கடிதங்களையும் புகைப்படங்களையும் வைத்தே அத்தனையையும் கட்ட வேண்டியிருந்தது. கடிதமும் புகைப்படமும் இருந்த நாடு, கட்ட முடிந்தது. மரச்சீனி நட்டும் பனை ஏறியும் வாழ்ந்தவர்களின் 1954-க்குக் கடிதக்கட்டு எங்கே இருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு பாட்டா இருக்கிறார். 1954-ல் அவர் பள்ளிக்கூடம் போகிற பையன். கோஷம் எதுவும் அவர் நினைவில் இல்லை. மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து ஓடி வந்த இரண்டு பேருக்கு அவருடைய அம்மை மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுத்ததைச் சொல்வார். ஜீப் சத்தம் கேட்டதும் அடுப்பில் தண்ணீர் ஊற்றியதையும், கிழங்கு பாதி வேக்காட்டிலேயே தின்னப்பட்டதையும் சொல்வார். இதை நான் எந்தச் சேனலிலும் பார்த்ததில்லை. அன்று 15 வயதாக இருந்தவருக்கு இன்று 85 தாண்டிவிட்டது. நமக்கு அவகாசம் குறைவு.

தொலைக்காட்சிக்காரர்கள் இந்தப் பக்கம் வராமல் இல்லை. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலா என்ற பலாமரத்தைத் தேடி வருகிறார்கள். தன்னை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்ப இளவரசர் மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது ஐதீகம். நல்ல கதை, எடுக்கட்டும். முன்பு அதே தாலுகாவில் இருந்த ஊருட்டம்பலத்துப் பள்ளியில் பாதி எரிந்த ஒரு பெஞ்சு இருக்கிறது. நூறாண்டுக்கு முன், ஒடுக்கப்பட்டவர்களின் உரிமைக்குப் போராடிய அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் குலச் சிறுமியைக் கைப்பிடித்து அந்தப் பள்ளிக்கு அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்ததற்காகப் பள்ளியையே கொளுத்தினார்கள். கரி ஏறிய அந்தப் பலகைக்கு முன்னால் பத்து நிமிடம் கேமராவை அசையாமல் வைத்தால் போதும், பின்னணி இசையே வேண்டாம். பாலராமபுரத்துச் சாலியர் தெருவையும் முழுசாகக் காட்ட வேண்டும். திவான் உம்மிணித்தம்பி காலத்தில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தமிழ் நெசவாளர்கள் அவர்கள், அந்தத் தறிகள் நமக்குப் பெருமை. பொதுவழியில் நடக்க வந்த அய்யன்காளியும் அவர் தோழர்களும் தாக்கப்பட்டதும் அந்தத் தெருவில்தான். பெருமையை மட்டும் எடுத்துவிட்டுக் கேமராவை மடக்குவது சரித்திரம் ஆகாது.

நவராத்திரி ஊர்வலம் வேறு இருக்கிறது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மன் யானை மேல், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு சாமிகள் ஆண்டுதோறும் நடந்தே போகின்றன. களியக்காவிளையில் கேரளப் போலீஸ் அணிவகுத்து மரியாதை செய்கிறது. ஒருநாள் இரவு குழித்துறையில் தங்கல், அடுத்த இரவு நெய்யாற்றின்கரையில். செய்தியில் இதற்கு இரண்டு நிமிடம் கிடைக்கிறது, அதுவும் உடைவாளைக் கைமாற்றும் காட்சி. வழியில் வாசல்தோறும் குத்துவிளக்கும் தாம்பாளமுமாக நிற்கிறவர்களிடம் மைக்கை நீட்டினால், எல்லைக்கு முந்திய ஒரு நாடு அவர்கள் பேச்சில் இன்னும் இருப்பது கேட்கும்.

மலையாளத்தில் சஃபாரி சேனல் ‘சரித்ரம் என்னிலூடெ’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறது. ஒருவர் உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்லுவார், அவ்வளவுதான். ஊரே உட்கார்ந்து கேட்கிறது. வாள்சண்டையும் டிரோனும் இல்லாமலேயே கடந்தகாலம் வீட்டுக்குள் வரும் என்பதற்கு எனக்கு அந்த ஒரு நாற்காலி போதும். எங்களுக்கும் அதுதான் ஏற்றது, செலவும் குறைவு. ஒரு செல்போன், பொறுமையுள்ள ஒரு கல்லூரிப் பிள்ளை, ஒளிபரப்ப லோக்கல் கேபிள். பாட்டாவின் பேச்சில் பாதி மலையாளம் விழும். அதைத் திருத்தி, செய்தி வாசிக்கிற தமிழில் இன்னொருவர் குரலை மேலே ஏற்றிவிடாதீர்கள். கீழே எழுத்து ஓடட்டும், இரண்டு மொழியிலும்.

அடுக்களைப் பக்கமும் போய்க் கேளுங்கள். ஊர்வலத்தையும் துப்பாக்கியையும் பாட்டாமார் சொல்லிவிடுவார்கள். அந்த ஆகஸ்ட் ராத்திரிகளில் யார் யாரை எந்த வீட்டில் ஒளித்துவைத்தார்கள், மறுநாள் போலீஸ் வந்து கேட்டபோது என்ன பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் அம்மச்சிகளுக்குத்தான் தெரியும்.