புது லீஃப் யாருக்கு?

இங்கிலீஷில் 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்று ஒரு தொடர் உண்டு. நம்மவர்கள் மேடை ஏறினால் ஆசையோடு எடுத்துவிடும் தொடர்களில் இதுவும் ஒன்று.

இந்த லீஃப் மரத்து இலை அல்ல, புத்தகத்தின் தாள். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். இரண்டும் சேர்ந்தது ஒரு லீஃப். எழுதிக் கெடுத்த தாளைப் புரட்டிவிட்டு வெள்ளைத் தாளில் மறுபடி ஆரம்பிப்பதுதான் விஷயம். 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே இது இங்கிலீஷில் புழங்குகிறது. நமக்கு இது புரியாமல் போக நியாயமில்லை. பனையோலையில் எழுதிய பரம்பரை. ஓலையைக் குறித்த ஏடு இன்னமும் நாளேடு, பதிவேடு, பேரேடு என்று காகிதத்திலும் தொடர்கிறது. பூவின் இதழைக்கூடப் பத்திரிகைக்குப் பெயராக்கிவிட்டோம். அப்படியிருந்தும் 'புது இலையைத் திருப்பினான்' என்று யாராவது மொழிபெயர்த்தால் எனக்குப் பந்தியும் வாழையிலையும்தான் ஞாபகம் வருகின்றன.

அதுகூடப் போகட்டும். பொருளில் செய்யும் பிழைதான் ஆபத்தானது. புது வேலை, புது வீடு, கல்யாணம், எதற்கும் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அதன் பொருள் வெறும் மாற்றம் இல்லை. பழைய கெட்ட நடத்தையை விட்டுத் திருந்துவது.

எங்கள் அலுவலகத்தில் காசாளர் ஒருவர் ஓய்வு பெற்றார். முப்பது வருஷத்துக்கு மேல் பணம் எண்ணியவர். ஒரு மெமோ வாங்கியதில்லை. வழியனுப்பு விழாவில் ஓர் அதிகாரி, "நாளை முதல் இவர் டர்ன் ஓவர் எ நியூ லீஃப் செய்யப் போகிறார்" என்று முழங்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. காசாளர் தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர். சைக்கிள் ஸ்டாண்டில் மாலையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏன் சார், இத்தனை நாள் நான் என்ன தப்பு பண்ணினேன்?"

அதிகாரி மனதில் கெடுதல் இல்லை, வாழ்த்தத்தான் நினைத்தார். ஆனால் அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். 'இனியாவது திருந்தி வாழ வாழ்த்துகிறோம்' என்று எந்த வழியனுப்பு விழாவிலாவது, கல்யாண வீட்டிலாவது பேச முடியுமா? கல்யாண வீடாக இருந்தால் சம்பந்தி சாப்பிடாமலே எழுந்து போய்விடுவார்! புது வாழ்க்கை என்று சொல்ல வேண்டுமானால் 'நியூ சாப்டர்' இருக்கிறது. அதில் யாருக்கும் குற்றம் ஒட்டாது.

இன்னொன்று. 'ஓவர்' என்பதை விழுங்கிவிட்டு 'டர்ன் எ நியூ லீஃப்' என்கிறவர்கள் உண்டு. 'டர்ன்ஓவர்' என்று சேர்த்தே எழுதுகிறவர்களும் உண்டு. அது கடைக்காரர் கணக்கில் வரும் விற்பனைத் தொகை.

என் கணிப்பில் இந்தத் தொடரைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதே உத்தமம். நண்பர் ஒருவர் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் வெற்றிலைப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, இதைச் சொல்லித்தான் எனக்குப் போன் செய்வார். பொங்கலுக்குள் பெட்டி கீழே இறங்கிவிடும். ஆனால் இங்கிலீஷ் சரி.