பச்சையாத்தானே இருந்துச்சு!

நாமக்கல்லில் என் தாய்மாமா லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். முட்டைக்குப் பேர் போன ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்குப் பாடி கட்டி அனுப்புவதிலும் அந்த ஊருக்குப் பெரிய பெயர் உண்டு. பக்கத்தில் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளே தயாராகின்றன. அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் இப்போது சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் உட்கார்ந்துவிட்டது.

மாமா பட்டறையில் கம்ப்யூட்டர் வேலை அவர் மகளுடையது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். போன மாதம் நான் போயிருந்தபோது அப்பாவும் மகளும் 12 இரும்புத் தகடுகளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"என்ன கண்ணு, வலது பக்க ஓட்டை ரெண்டும் ஓரத்தை விட்டுட்டு உள்ள வந்து நிக்குது?"

"எனக்கே புரியலைங்கப்பா. படம் முழுக்கப் பச்சையாத்தானே இருந்துச்சு!"

அது டூல் பாக்ஸ் மாட்டும் தகடு. முதலில் 300 மில்லிமீட்டர் நீளம், 200 அகலம். நான்கு மூலையிலும், ஓரத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி, ஒவ்வொரு போல்ட் ஓட்டை. புது ஆர்டரில் நீளம் 400 வேண்டும் என்றார்கள். அவள் படத்தில் 300ஐ அழித்து 400 என்று போட்டாள். தகடு நீண்டது. ஃபைல் அன்று சாயங்காலமே வெட்டப் போய்விட்டது. மறுநாள் வந்த தகட்டில் ஓட்டைகள் பழைய இடத்திலேயே இருந்தன. 12 தகடும் வீண்.

கம்ப்யூட்டர் ஏன் இப்படிச் செய்தது? அதைப் புரிந்துகொள்ள நான்கு ஐஸ்க்ரீம் குச்சி போதும்.

குச்சி சொல்லும் கதை

நான்கு குச்சிகளின் முனைகளைக் குண்டூசியால் கோத்து ஒரு சதுரம் செய்யுங்கள். லேசாகத் தள்ளினால் சாய்ந்துவிடும். குச்சிகளின் நீளம் மாறவில்லை. ஆனாலும் சதுரம் போய்விட்டது. மூலைக்கு மூலை எட்டும் அளவுக்கு நீளமான ஐந்தாவது குச்சி ஒன்றைக் கோத்துவிட்டால் அப்புறம் அசையாது. இரும்பு கேட்டில் குறுக்கே ஒரு பட்டை வைத்து வெல்டு அடிப்பது இதற்குத்தான்.

கம்ப்யூட்டரில் போடும் கோடும் இப்படி ஆடக்கூடியதுதான். அதை ஆடாமல் நிறுத்த நாம் சொல்லும் ஒவ்வொரு விதிக்கும் 'கான்ஸ்ட்ரெயின்ட்' என்று பெயர். இங்கே 'கட்டு' என்றே வைத்துக்கொள்வோம்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு புள்ளி இரண்டு வழியில் அசையும்: இடம் வலமாக, மேல் கீழாக. ஒரு கோட்டுக்கு இரண்டு முனை, ஆக 4 வழி. நான்கு கோட்டுக்கு 16. முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் ஒரு மூலைக்கு 2 வீதம் 8 குறையும். இரண்டு கோடு படுக்கையாக, இரண்டு கோடு செங்குத்தாக இருக்க வேண்டும் என்றால் இன்னும் 4 போகும். நீளமும் அகலமும் சொன்னால் 2 போகும். மீதி 2. ஒரு மூலையைத் திரையின் மையப் புள்ளியில் கட்டிவிட்டால் பூஜ்யம்.

அவள் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட். அதில் பூஜ்யம் வந்ததும் கோடுகள் எல்லாம் பச்சையாகிவிடும். அவள் சொன்ன பச்சை அதுதான்.

கட்டு கூடினாலும் சண்டை

கட்டு குறைந்தால் படம் ஆடும், சரி. கூடினால்? 400க்கு 300 செவ்வகம் ஒன்று போட்டிருக்கிறீர்கள். மூலைக்கு மூலை 500 தானாகவே வரும். அதையும் நீங்கள் கட்டாகப் போட்டால், 'இது ஏற்கெனவே சொன்னதுதான்' என்று கம்ப்யூட்டர் எச்சரிக்கும். 510 என்று போட்டால், ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது என்று நின்றுவிடும்.

மாமா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாங்க ஒவ்வொரு பாடிக்கும் மூலைக்கு மூலை டேப் புடிச்சுத்தான பாக்கறோம்?"

அவர் சொல்வதும் சரிதான். கம்ப்யூட்டர் கோடு சொன்னபடி நிற்கும். இரும்பு வெல்டு சூட்டில் இழுத்துக்கொள்ளும். அதனால் பட்டறையில் மூலை அளவு ஒரு சோதனை. ஃப்ரீகேட்டிலும் இதற்கு வழி உண்டு. அந்த 500ஐக் கட்டாகப் போடாமல், அளந்து காட்டும் எண்ணாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். படத்தை அது பிடித்து இழுக்காது.

எதைப் பார்த்து நிற்கிறது?

அப்படியானால் தகட்டுப் படத்தில் கட்டு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. பிறகு எங்கே தப்பு?

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். "இந்த வலது ஓட்டை எங்கிருந்து அளந்தது அம்மிணி?"

"இடது ஓரத்திலிருந்து 275ங்கப்பா."

"அது வலது ஓரத்தைப் பாத்தல்ல நிக்கோணும்?"

அவ்வளவுதான் விஷயம். தகடு 300 நீளம் இருந்தவரை, இடமிருந்து 275 என்பதும் வலமிருந்து 25 என்பதும் ஒரே இடம். 400 ஆனதும் இரண்டும் 100 மில்லிமீட்டர் பிரிந்துவிட்டன. இடமிருந்து 275 என்று சொன்னதைக் கம்ப்யூட்டர் அப்படியே காப்பாற்றியது. ஓட்டை ஓரத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது அவள் மனதில் மட்டும் இருந்தது, படத்தில் இல்லை.

பச்சை என்றால் எதுவும் அசையாது என்று அர்த்தம். நாம் நினைத்தபடி நிற்கும் என்று அர்த்தம் இல்லை.

சட்டை தைப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நீளத்தைக் கூட்டிவிட்டு, பட்டன்களைப் பழைய அளவிலேயே வைத்தால் கீழே திறந்து கிடக்கும். பட்டன் இடைவெளியும் நீளத்தைப் பார்த்து நகர வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு இப்படி உறவுமுறை சொல்லிக்கொடுக்கும் யோசனை பழையது. 1963லேயே அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லாந்து, முனைவர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஒன்றைச் செய்துகாட்டினார். திரையில் ஒளிப்பேனாவால் கோணல்மாணலாக வரைந்துவிட்டு, இந்த இரண்டு கோடும் இணையாக இருக்க வேண்டும் என்றால், கம்ப்யூட்டர் தானே சரிசெய்துகொள்ளும். 1988ல் கணினி உலகின் பெரிய கௌரவமான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. மாமா பட்டறையின் திரையில் நடப்பது அதே யோசனைதான்.

அவள் 275ஐ அழித்தாள். வலது ஓரத்திலிருந்து 25 என்று போட்டாள். படம் மறுபடி பச்சையானது. இந்த முறை அங்கேயே நிற்கவில்லை. நீளத்தை 300 ஆக்கினாள், 400 ஆக்கினாள், 550 ஆக்கினாள். ஒவ்வொரு முறையும் ஓட்டைகள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே கூடப் போயின.

கேட் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளலாம். வெட்டக் கொடுப்பதற்கு முன் ஏதாவது ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள். எது கூடவே வருகிறது, எது தங்கிவிடுகிறது என்று பாருங்கள். எண்ணை மறுபடி பழையபடி வைத்துவிட்டுச் சேமியுங்கள். ஒரு நிமிஷ வேலை. 12 தகடு மிச்சம்.

வீணான தகடுகளில் 11 பழைய இரும்புக்குப் போயின. மீதி ஒன்றை மாமா கம்ப்யூட்டருக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். உள்ளே தள்ளி நிற்கும் அந்த ஓட்டையில்தான் ஆணி. சாய்ந்து தொங்குகிறது.

"கழட்டிடுங்கப்பா, வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க" என்கிறாள் மகள்.

"கேக்கட்டும் கண்ணு. நீயே சொல்லிக்குடு" என்கிறார் மாமா.