பத்துப் பவுண் நில வாடகையும் ஒரு பழுப்பு உறையும்

லண்டனில் முன்னாள் கவுன்சில் ஃபிளாட்டை வாங்கத் தயங்குகிற நம்மவர்களுக்கு அந்தஸ்து நோய் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். அறை பெரிது, விலை குறைவு, நில வாடகை ஆண்டுக்கு வெறும் 10 பவுண், நில உரிமையாளரோ லாபம் பார்க்காத கவுன்சில் என்பது அவர் வாதம். அறை பெரிதுதான், மற்றதிலெல்லாம் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டார்.

அந்த 10 பவுண் கவுன்சிலின் பெருந்தன்மை அல்ல, வாடகைக்கு இருந்தவர்களுக்கு வாங்கும் உரிமை தந்த சட்டம் விதித்த உச்சவரம்பு. லீஸின் பிடி இருப்பது, பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் பங்கு போட்டு வசூலிக்கும் சர்வீஸ் சார்ஜில். பழுதுபார்ப்பில் ஒருவர் பங்கு 250 பவுணைத் தாண்டினால், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவுப்படி கவுன்சில் முதலில் நம் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டபடி நடக்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது? என் வீட்டுக் கதவுக்குள்ளும் அப்படியொரு நோட்டீஸோடு பழுப்பு உறை விழுந்தது. கூரைக்கும் ஜன்னலுக்குமாக என் பங்கு 19,400 பவுண். மூன்று வருடத்துக்கு முன் என் காசில் போட்ட ஜன்னலையும் பெயர்த்தெடுத்தார்கள், ஏனென்றால் லீஸ்படி ஜன்னல் என்னுடையதல்ல. மகளின் படிப்புக்குச் சேர்த்த பணம் அதில் போயிற்று. லாபம் பார்க்காதவர் அனுப்பும் பில் சிறிதாகத்தான் இருக்கும் என்பது எந்த ஊர்த் தர்க்கம்? பல கவுன்சில்கள் பெரிய வேலைக்கென்று சேமநிதி வைப்பதே இல்லை; முப்பது வருடப் புறக்கணிப்பின் கணக்கு, அன்றைக்குச் சாவி வைத்திருப்பவர் தலையில் மொத்தமாக இறங்குகிறது. லண்டனில் ஐந்தாண்டுக்கு 15,000 பவுண்தான் என்ற 2014ஆம் ஆண்டு உச்சவரம்பைக் காட்டி ஆறுதல் சொல்கிறவர், மத்திய அரசின் குறிப்பிட்ட நிதியில் நடக்கும் வேலைக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதை ஏன் மறைத்தார்?

பிடிக்காவிட்டால் குடியிருப்போர் ஒன்றுசேர்ந்து நிர்வாகத்தைக் கைப்பற்றலாமாம். அந்த உரிமையைக் கொடுத்த 2002ஆம் ஆண்டுச் சட்டமே கவுன்சில் கட்டடங்களை விலக்கி வைத்திருக்கிறது. சட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமலா ஊருக்கு ஆலோசனை சொல்வது? 125 ஆண்டு லீஸ் என்று அடித்துச் சொல்கிறார். அது முதல் விற்பனையிலிருந்து ஓடும் கடிகாரம். அதே கட்டடத்தில் முதல் ஃபிளாட் 1981இல் விற்றிருந்தால், 2001இல் விற்ற ஃபிளாட்டின் லீஸையும் 2106இலேயே முடிக்கச் சட்டம் இடம் தருகிறது.

விலை குறைவுக்குக் காரணம் வாங்குபவரின் வறட்டுக் கௌரவம் என்கிறார். 1968இல் திறந்து இரண்டே மாதத்தில் ரோனன் பாயிண்ட் அடுக்குமாடியின் ஒரு மூலை சரிந்து நால்வர் இறந்தார்கள். அதே வார்ப்புப் பலகை முறையில் கட்டிய கோபுரங்களுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் இன்றைக்கும் தயங்குகின்றன. வங்கிக்குமா அந்தஸ்து நோய்?

கட்டுரையாளர் வீட்டுக்கடன் தரகர். விற்பனை முடிந்ததும் அவர் கமிஷன் கைக்கு வந்துவிடும். பழுப்பு உறை அதற்குப் பிறகுதான் வரும். கடந்த மூன்றாண்டு சர்வீஸ் சார்ஜ் கணக்கு, அனுப்பிய 20ஆம் பிரிவு நோட்டீஸ்கள், இனிச் செய்யவிருக்கும் வேலைகளின் பட்டியல், இந்த மூன்றையும் ஒப்பந்தம் மாற்றிக்கொள்வதற்கு முன் சொலிசிட்டரைக் கொண்டு எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்று அவர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.