உள்ளுக்கு ஒரு முட்டு

அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. கோடை விடுமுறை முழுக்க வேலை செய்து ஒரு பழைய சிவிக் வாங்கினான். அடுத்த ஆசை, டிக்கிக்குள் ஒரு 12 அங்குல சப்வூஃபர். "மாமா, பெட்டியை நாங்களே செய்வமா?" என்று கேட்டான்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். மரத்தைத் தொடுவதற்கு முதல் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். முக்கால் அங்குல எம்.டி.எஃப் பலகை. வெளி அளவு 17 × 14 × 14 அங்குலம். உள்ளே கிட்டத்தட்ட 40 லீற்றர் காற்று. கணக்கு அழகாக இருந்தது.

அப்பாவின் வீட்டுக் கராஜில் பலகைகளை வெட்டி, முன்பலகையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஒட்டி முடித்தோம். ஸ்காபரோ வீடுகளில் ஆயுதங்கள் உள்ள கராஜ் அவருடையதுதான். சத்தம் கேட்டு இறங்கி வந்தவர், ஒன்றும் பேசாமல் மேல்பலகையை விரல் முட்டியால் தட்டினார். "டொம்" என்றது.

"தம்பி, இது மேளம் மாதிரிக் கத்துது. உள்ளுக்கு முட்டு குடுக்கேல்லையோ?"

எனக்கு அந்தச் சொல் தெரியாது. மருமகன் சிரித்தான். "மாமா, மீம்ஸில வருமே, 'முட்டு குடுக்காத' எண்டு. அதுதான்." அம்மப்பாவும் பேரனும் ஒரே சொல்லை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். ஸ்பீக்கர் கோன் உள்ளே போகும்போது பெட்டிக்குள் அழுத்தம் கூடுகிறது, வெளியே வரும்போது குறைகிறது. அந்த அழுத்தம் பலகைகளையும் தள்ளி இழுக்கிறது. பலகை அசைந்தால் அதுவும் தன் பாட்டில் ஒரு ஸ்பீக்கராகிவிடும், பேஸ் குழம்பிப்போகும். பலகையைத் தாங்கும் இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்துக்கு வளைவு பதினாறில் ஒரு பங்குக்குக் குறையும் என்கிறது பொறியியல் கணக்கு. அப்பா அந்தக் கணக்கைப் படித்தவரில்லை. தட்டிப் பார்த்தே சொன்னார்.

பெட்டிக்குள் நான்கு சுவர்களையும் தொடுகிற மாதிரி ஒரு பலகையை வெட்டினோம். காற்று போய்வர அதில் பெரிய நான்கு துவாரங்கள். பார்க்க ஜன்னல் சட்டம் மாதிரி இருந்தது. அதைச் சரி நடுவில் வைக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்தார்.

"நடுவில வைக்காதை. ரெண்டு பக்கமும் ஒரே அளவெண்டா ரெண்டும் ஒரே சுருதியில பாடும். ஒரு அங்குலம் பின்னால தள்ளு. மாக்னெட்டும் இடிக்காது."

மாக்னெட்டை நான் மறந்தே போயிருந்தேன்.

பின்பலகைக்கு இன்னொரு முட்டு தேவைப்பட்டது. போன வருடப் பனியில் உடைந்த ஷவல் கைபிடியை அப்பா மூலையிலிருந்து எடுத்துக்கொடுத்தார். மருமகன் அதில் நாலரை அங்குலம் வெட்டி, ஜன்னல் சட்டத்துக்கும் பின்பலகைக்கும் நடுவில் நிறுத்தி ஒட்டினான். எம்.டி.எஃப் ஓரத்தில் முதலே துளை போடாமல் ஸ்குரூ முடுக்கினால் பலகை பிளந்துவிடும் என்று அப்பா காட்டிக்கொடுத்தார். பசை காயும் வரைக்கும் பிடித்து வைக்கத்தான் ஸ்குரூ, உண்மையான பலம் பசையில்தான் என்றார். தூசிக்கு முகமூடி போடச் சொல்லி இரண்டு தரம் பேச்சும் வாங்கினோம்.

முட்டுகளுக்கு ஒன்றரை லீற்றர், ஸ்பீக்கருக்கு மூன்று லீற்றர். இரண்டையும் கழித்தால் மிச்சம் 35. ஸ்பீக்கருடன் வந்த தாளில் கேட்டிருந்ததும் அதுதான். அடுத்த நாள் அப்பா திரும்பவும் தட்டினார். "டக்" என்றது. தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பா இருபத்திரண்டு வருடம் இரவு வேலையில் சமையலறை அலுமாரிகள் செய்தவர். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் படுக்கப் போவார். அந்த வருடங்களில் அவருடைய வேலையைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் "அப்பா, கார்ச் சாவி எங்க?" மட்டும்தான். வெட்டுகிற மெஷினில் அவருடைய இடது சுட்டுவிரல் நுனி போன கதையையே மருமகன் கேட்டபிறகுதான் நான் முழுதாக அறிந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயதாம். கதவு நசுக்கினது என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

எங்கள் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றி இறக்குகிறோம். நல்லதுதான். ஆனால் முட்டு, சட்டம், சுருதி என்று மூன்று சொல் அன்றைக்கு மருமகனுக்குக் கிடைத்தது ஒரு வேலை செய்யப் போனதால். எனக்கும்தான். உங்கள் வீட்டிலும் கையால் வேலை செய்த ஒருவர் இருப்பார். பிள்ளையிடம் உடைந்த ஒரு சாமானைக் கொடுத்து அவரிடம் அனுப்பிப் பாருங்கள்.

பெட்டியைப் பூட்டிப் பாட்டுப் போட்டோம். பேஸ் சுத்தமாக வந்தது. ஆனால் பின்னால் நம்பர் பிளேட் கடகடவென்று ஆடத் தொடங்கியது. அப்பா குனிந்து பார்த்தார்.

"சனிக்கிழமை வா. அதுக்கும் ஏதாவது செய்வம்."

அவர் சொன்னது என்னிடம் இல்லை, பேரனிடம். நானும் போவதாக இருக்கிறேன்.