கடிதத்தின் கடைசி வரி

ஊரிலுள்ள பெற்றோருக்கும், வேலைக்கு விண்ணப்பம் எழுதும் தம்பி தங்கைகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

ஓ.எல். ஆங்கிலப் பாடத்தில் கடிதம் எழுதப் பழக்குகிறோம். அதே கடிதம்தான் பிறகு வங்கிக்கும், கொழும்புக் கம்பனிக்கும், கட்டாருக்கும், துபாய்க்கும் போகிறது. பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வரும் கடிதங்கள் பலவற்றின் கடைசி வரி இது: "ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரொம் யூ."

'ஹியர்' பிழை. 'ஹியரிங்' என்றுதான் வரவேண்டும்.

ஏன்? கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது. 'டு' வந்தால் பின்னால் வினைச்சொல் அப்படியே வரும் என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வகை. 'வோன்ட் டு கோ' என்பதில் அது வினையோடு சேர்ந்தது. 'லுக் ஃபோர்வர்ட் டு' என்பதில் அது நம் வேற்றுமை உருபு போல, பெயரைத்தான் கேட்கும். சோதித்துப் பாருங்கள். 'லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று எழுதலாம். 'வோன்ட் டு யுவர் ரிப்ளை' என்று எழுத முடியாது. பெயர் வரக்கூடிய இடத்தில் வினையை வைப்பதென்றால் அதற்கு 'இங்' சேர்த்துப் பெயராக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதா? வலீமா அழைப்பிதழில் "தங்கள் வருகையை எதிர்பார்க்கும்" என்று அச்சிடுகிறோம். "தாங்கள் வர எதிர்பார்க்கும்" என்று யாராவது அச்சிடுவார்களா? 'வர விரும்புகிறேன்' சரி, 'வர எதிர்பார்க்கிறேன்' சரியில்லை என்று நம் பிள்ளையின் காதுக்கே தெரியும். 'வர' வினையெச்சம், 'வருகை' தொழிற்பெயர் என்று தமிழ்ப் பாடத்தில் படித்தும் இருக்கிறது. பக்கத்து வகுப்பறையில் படித்ததை இங்கே எடுத்துக்காட்ட ஒருவரும் இல்லை.

என் கருத்து இதுதான். ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசக்கூடாது என்று பெருமைப்படுவதை நிறுத்துவோம். கேட்கவும் பேசவும் பழகுவதற்கு ஆங்கிலத்திலேயே நிற்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இலக்கணத்தை விளக்கும்போது பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் மொழியைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது அநியாயம். காரணம் தெரியாமல் பாடமாக்கிய வசனம் பரீட்சையோடு போய்விடும்.

தமிழ் எங்கே காலை வாரும் என்பதையும் அப்போதுதான் காட்ட முடியும். நமக்கு 'எதிர்பார்க்கிறேன்' ஒரே சொல். அதை நினைத்துக்கொண்டு சிலர் "ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை" என்று முடிக்கிறார்கள். இலக்கணம் சரிதான். ஆனால் பதில் போடுவது உங்கள் கடமை என்று அதிகாரம் பண்ணுவது போல மேலதிகாரிக்குத் தோன்றும். 'லுக் ஃபோர்வர்ட் டு' என்றால் ஆவலோடு காத்திருப்பது. அதையும் 'ஐ லுக்' என்று முழு வசனமாக எழுதுங்கள். 'ஐ ஆம் லுக்கிங்' என்பது கொஞ்சம் நெருக்கமான தொனி. அலுவலகக் கடிதத்துக்கு முதலாவதே பொருத்தம்.

இதே குடும்பத்தில் இன்னொன்று. இரவு வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி, "ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க்கிங் அட் நைட்" என்று எழுதினால், இரவில் வேலை செய்து பழகியவன் என்று அர்த்தம். 'ஆம்', 'இங்' இரண்டையும் விட்டு "ஐ யூஸ்ட் டு வேர்க் அட் நைட்" என்று எழுதினால், முன்பு செய்தேன், இப்போது இல்லை என்றாகிவிடும். இரண்டு சின்னத் துண்டுகள் விடுபட்டால் சொல்ல வந்ததே மாறிவிடுகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யாராவது பிள்ளை பிழையாக எழுதினால் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குரூப்பில் போட்டுச் சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்த பிள்ளை அடுத்த விண்ணப்பத்தை எழுதவே மாட்டான். தனியாகக் கூப்பிட்டு, அழைப்பிதழைக் காட்டி, இந்த 'இங்' ஏன் வருகிறது என்று சொல்லிக்கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.